உங்க போன் ஏன் 1970-க்குப் போகுது? டென்னிஸ் ரிட்சி என்ற அமைதியான மனிதரின் கதை!

ரெண்டு வருஷமா அலமாரியில் கிடந்த என் பழைய ஆண்ட்ராய்டு போனை போன மாசம் தூசி தட்டி எடுத்தேன். சார்ஜ் போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து ஆன் பண்ணினா, ஸ்கிரீனில் தேதி 1970 ஜனவரி 1, வியாழக்கிழமை. நேரம் காலை 5.30. அம்மாவே அப்போ பிறந்திருக்கல!

தெருமுனையில் இருக்கிற மொபைல் சர்வீஸ் கடை அண்ணன்கிட்ட காட்டினேன். பேட்டரி சுத்தமா செத்துட்டா சில போன்கள் இப்படித்தான் காட்டும், நெட் கனெக்ட் பண்ணினா சரியாகிடும்னு சொல்லிட்டு, அடுத்த கஸ்டமரைப் பார்க்கப் போயிட்டார். வைஃபை போட்டதும் தேதி சரியாகிடுச்சு. ஆனா, கேள்வி மட்டும் மண்டைக்குள்ளேயே நின்னுடுச்சு. ஏன் 1970? அதிலும் ஏன் கரெக்ட்டா காலை 5.30?

விடை சிம்பிள். உங்க போனுக்கு மாசம், வருஷம் எல்லாம் தெரியாது. அது ஒரே ஒரு எண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கும். 1970 ஜனவரி 1 நள்ளிரவு 12 மணியிலிருந்து இதுவரை எத்தனை விநாடி ஆச்சு என்பதுதான் அந்த எண். அதைக் கணக்குப் போட்டுத்தான் இன்னிக்கு என்ன தேதின்னு நமக்குக் காட்டும். ஞாபகம் போயிடுச்சுன்னா எண் பூஜ்யம் ஆகிடும். அந்த நள்ளிரவு லண்டன் கிரீன்விச் கணக்கு. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னாடி ஓடுறதால, நம்ம ஊரில் அது காலை 5.30.

இந்தக் கணக்கை ஆரம்பிச்சது ஆண்ட்ராய்டு இல்லை, ஐபோனும் இல்லை. அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் சில பேர் சேர்ந்து எழுதின `யுனிக்ஸ்' என்ற ஆபரேட்டிங் சிஸ்டம். இன்னிக்கு இருக்கிற ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுக்கும் அதுதான் கொள்ளுத்தாத்தா. அதை உருவாக்கிய ரெண்டு முக்கியமான மனிதர்களில் ஒருத்தர் கென் தாம்ப்சன். இன்னொருத்தர்தான் நம்ம கதையின் நாயகன், டென்னிஸ் ரிட்சி.

இன்ஜினீயரிங் படிச்சவங்களுக்கு இந்தப் பேர் தெரியும். முதல் வருஷத்துல `சி' லாங்வேஜ் லேபில் உட்கார்ந்து ஹலோ வேர்ல்டு புரோகிராம் அடிச்சிருப்பீங்களே, அந்த `சி'யை உருவாக்கியவர் இவர்தான். ரெண்டு மார்க் கேள்விக்கு பதிலா இவர் பேரை எழுதிட்டு, அதோட மறந்தும் போயிருப்போம்.

அப்பா வேலை பார்த்த இடம்

டென்னிஸ் ரிட்சி 1941 செப்டம்பர் 9 அன்று நியூயார்க் மாநிலத்தின் பிராங்ஸ்வில்லில் பிறந்தார். வளர்ந்தது நியூஜெர்சியில். அப்பா அலிஸ்டர் ரிட்சி, பெல் லேப்ஸில் விஞ்ஞானி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அழைப்புகளை இணைக்கிற ஸ்விட்ச்சிங் சர்க்யூட்தான் அவருடைய துறை. அதைப் பற்றி புத்தகமே எழுதினவர்.

பெல் லேப்ஸ் என்பது, அமெரிக்கா முழுக்க டெலிபோன் சேவை நடத்திய ஏ.டி அண்ட் டி நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம். 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்தது இங்கேதான். அதாவது, உங்க போனுக்குள்ள இருக்கிற சிப்பின் ஆதி மூலமும் அந்த வளாகம்தான்.

மகன் ஹார்வர்டில் இயற்பியல் படித்தார். அங்கே ஒருநாள், யுனிவேக் கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு லெக்சர் கேட்டார். அவ்ளோதான், மனசு கம்ப்யூட்டர் பக்கம் சாய்ஞ்சுடுச்சு. இயற்பியல் விஞ்ஞானி ஆகிற அளவுக்குத் தனக்கு மூளை பத்தாதுன்னு கல்லூரியிலேயே புரிஞ்சுபோச்சு, மேற்படிப்புக்குப் போனதும் அல்காரிதம் தியரியிலும் அதே கதைன்னு பின்னாளில் தன்னைப் பற்றி எழுதிய குறிப்பில் அவரே கிண்டலடித்திருக்கிறார். உலகமே கொண்டாடிய பிறகு எழுதிய குறிப்பு அது!

பைண்டிங் பண்ணாத தீசிஸ்

ரிட்சியின் குணத்தைப் புரிஞ்சுக்க ஒரு சம்பவம் போதும். 1968-ல் ஹார்வர்டில் பிஹெச்.டி-க்கான தீசிஸை எழுதி முடித்துவிட்டார். கஷ்டமான வேலையெல்லாம் முடிஞ்சாச்சு. பாக்கி இருந்தது ஒரு சம்பிரதாயம்தான். தீசிஸை பைண்டிங் பண்ணி ஒரு பிரதியை பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைக்கணும்.

அதை அவர் செய்யவே இல்லை.

நம்ம ஊரில் தீசிஸ் பைண்டிங்குக்காக ராத்திரி ஒரு மணிக்கு ஜெராக்ஸ் கடை வாசலில் நிக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. இவரோ அந்தக் கடைசிப் படியை அப்படியே விட்டுட்டுப் போயிட்டார். அதனால் அவருக்கு பிஹெச்.டி பட்டம் கிடைக்கவே இல்லை. கடைசிவரை அவர் பேருக்கு முன்னால் முறைப்படி டாக்டர் பட்டம் ஏறவில்லை. அந்த தீசிஸும் பல வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. அவர் இறந்த பிறகு, அவருடைய சகோதரி தேடி எடுத்த பிரதிதான் கலிஃபோர்னியாவில் இருக்கும் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பட்டத்துக்குக் காத்திருக்காமல், 1967-லேயே அப்பா வேலை பார்த்த அதே பெல் லேப்ஸில் சேர்ந்துவிட்டார். மர்ரே ஹில் என்ற ஊரில் இருந்த அந்த வளாகத்தில்தான் அவருடைய அடுத்த 40 வருஷமும் கழிந்தது.

ஊத்தி மூடின புராஜெக்ட்

ரிட்சி சேர்ந்தபோது பெல் லேப்ஸ், எம்.ஐ.டி, ஜெனரல் எலெக்ட்ரிக் மூணும் சேர்ந்து `மல்டிக்ஸ்' என்ற பெரிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தன. ஒரே கம்ப்யூட்டரில் பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யணும் என்பதுதான் கனவு. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்பது ஒரு ஹால் அளவு பெரிசு. நிறைய இடங்களில் அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுத்துட்டு, ரிசல்ட்டுக்கு மணிக்கணக்கில் காத்திருக்கணும்.

கனவு பெரிசு, செலவு அதைவிடப் பெரிசு. வேலையும் இழுத்துக்கொண்டே போனது. 1969-ல் பெல் லேப்ஸ் அந்தத் திட்டத்திலிருந்து விலகிவிட்டது. அதில் வேலை பார்த்த தாம்ப்சன், ரிட்சி, டக்ளஸ் மக்கில்ராய், ஜோசப் ஒசானா போன்றவர்களுக்கு ஏமாற்றம். தனித்தனியா உட்கார்ந்து வேலை பார்க்கிறதைவிட, ஒரே மெஷினில் எல்லோரும் சேர்ந்து வேலை பார்க்கிற சுகம் அவங்களுக்குப் பழகிப்போயிருந்தது. அதை இழக்க மனசில்லை. புது கம்ப்யூட்டர் வாங்கித்தரச் சொல்லி மேலே கேட்டுப் பார்த்தாங்க. கிடைக்கல. ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் சூடுபட்ட நிர்வாகம், இன்னொண்ணுக்குப் பணம் கொடுக்குமா?

அந்த நேரத்தில் தாம்ப்சன் ஒரு கேம் எழுதியிருந்தார். பேர் `ஸ்பேஸ் டிராவல்'. சூரியக் குடும்பத்தில் விண்கலம் ஓட்டணும். ஆபீஸின் பெரிய கம்ப்யூட்டரில் ஒரு தடவை விளையாடினா சுமார் 75 டாலர் கணக்கில் ஏறும்! அதனால் ஓரமாய்க் கிடந்த `பிடிபி-7' என்ற பழைய சின்ன கம்ப்யூட்டரைத் தேடிப் பிடிச்சு, ரிட்சியின் உதவியோடு கேமை அதுக்கு மாத்தினார். அந்த வேலையில் மெஷினின் நெளிவு சுளிவு எல்லாம் அத்துப்படி ஆகிடுச்சு.

ஃபைல்களை எப்படி அடுக்குவது என்று தாம்ப்சன், ரிட்சி, ரட் கனடே என்ற இன்னொரு சகா மூணு பேரும் கரும்பலகையில் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தார்கள். 1969 கோடையில் தாம்ப்சனின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கு மூணு வாரம் ஊருக்குப் போனார். வாரத்துக்கு ஒண்ணு என்று பாக்கி இருந்த மூணு முக்கியமான பகுதிகளையும் தாம்ப்சன் எழுதி முடித்தார். மனைவி திரும்பி வந்தபோது, யுனிக்ஸின் முதல் வடிவம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு குட்மார்னிங் படத்தைவிடச் சின்னது

நல்ல மெஷின் வேணும்னா நிர்வாகத்துக்குப் புரியுற காரணம் வேணும். இந்தத் தடவை ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற வார்த்தையை முன்னால் நிறுத்தாமல், ஆவணங்களை டைப் செய்து திருத்தி அழகா அச்சடிக்க ஒரு வசதி செய்து தர்றோம் என்று கேட்டார்கள். அது பலித்தது. புது `பிடிபி-11' வந்தது. யுனிக்ஸின் முதல் உண்மையான வாடிக்கையாளர்கள் யார் தெரியுமா? பெல் லேப்ஸின் காப்புரிமைப் பிரிவு டைப்பிஸ்ட்டுகள்!

அந்த மெஷினின் மொத்த மெமரி 24 கே.பி. அதில் 16 கே.பி யுனிக்ஸுக்கு, 8 கே.பி யூசர்களின் புரோகிராமுக்கு. டிஸ்க் 512 கே.பி. உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா காலையில் அனுப்புற ரோஜாப்பூ குட்மார்னிங் படத்தைக்கூட அந்த மெமரியில் வைக்க முடியாது. ஆனா, அந்த 24 கே.பி-யில் பல டைப்பிஸ்ட்டுகள் ஒரே நேரத்தில் வேலை பார்த்தார்கள்.

இடம் குறைவா இருந்ததால்தான் யுனிக்ஸ் சிக்கனமா வளர்ந்தது. ஒவ்வொரு புரோகிராமும் ஒரு வேலையை மட்டும் ஒழுங்கா செய்யணும், ஒண்ணு செய்து முடித்ததை இன்னொண்ணு வாங்கித் தொடரணும் என்பது அதன் பழக்கம். மல்டிக்ஸின் ஆடம்பரத்தில் சூடுபட்டவங்க கட்டின சின்ன வீடு அது.

`சி' பிறந்த கதை

யுனிக்ஸின் ஆரம்ப வடிவங்கள் அசெம்பிளியில் எழுதப்பட்டவை. அதாவது, குறிப்பிட்ட ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் புரியுற பாஷை. வேற கம்பெனி மெஷினுக்கு மாத்தணும்னா முதலிலிருந்து எழுதணும். அப்போ எல்லா ஆபரேட்டிங் சிஸ்டமும் ஏறக்குறைய அப்படித்தான். மெஷின் பழசானா, அதோடு சேர்ந்து அந்த சாஃப்ட்வேரும் குப்பைக்குப் போகும்.

தாம்ப்சன் `பி' என்று ஒரு சின்ன மொழி செய்து வைத்திருந்தார். புது மெஷினுக்கு அது சரிப்பட்டு வரவில்லை. ரிட்சி அதை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா மாற்ற ஆரம்பித்தார். எழுத்துக்கு ஒரு வகை, எண்ணுக்கு ஒரு வகை எனப் பிரித்தார். 1972-ல் அது முழுசா வேற மொழியா மாறியிருந்தது. `பி'-க்கு அடுத்து என்ன? `சி'. பேர் ரெடி.

அதே வருஷம் யுனிக்ஸை `சி'-யில் திருப்பி எழுத தாம்ப்சன் முயற்சி செய்தார். முடியாமல் கைவிட்டார். குறை எங்கே என்று ரிட்சி பார்த்தார். தொடர்புடைய தகவல்களை ஒரே பொட்டலமாகக் கட்டுகிற வசதி `சி'-யில் இல்லை. அதைச் சேர்த்தார். (லேபில் `ஸ்ட்ரக்ச்சர்'-னு படிச்சோமே, அதேதான்!) 1973-ல் மறுபடி முயன்றார்கள். இந்த முறை யுனிக்ஸின் மையப்பகுதி `சி'-க்கு மாறியது.

அப்போ அது பெரிய செய்தி இல்லை. ஆனா, விளைவு ரொம்பப் பெரிசு. இனி ஒரு புது கம்ப்யூட்டர் வந்தா, அதுக்கு ஒரு `சி' கம்பைலரும் கொஞ்சம் மாற்றங்களும் போதும், யுனிக்ஸ் அங்கேயும் ஓடும். 1970-களின் இறுதிக்குள் ரிட்சியும் ஸ்டீவ் ஜான்சன் என்ற சகாவும் வேற கம்பெனி மெஷினில் அதை ஓட்டியும் காட்டினார்கள். ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் தன் மெஷின் செத்த பிறகும் உயிரோட இருக்கலாம் என்பது அப்போதான் நிரூபணமானது. அந்தக் கதவு திறக்கலைன்னா, ஹால் அளவு கம்ப்யூட்டர் காலத்து யோசனை உங்க பாக்கெட் வரைக்கும் வந்திருக்காது.

1978-ல் பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து ரிட்சி `சி' பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஒல்லியான புத்தகம். ஹலோ வேர்ல்டு என்ற முதல் பாடம் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் புத்தகத்தால்தான்.

விற்க முடியாத சரக்கு

இவ்வளவு நல்ல சரக்கை ஏ.டி அண்ட் டி ஏன் விற்றுச் சம்பாதிக்கல? ஆசை இல்லாமல் இல்லை, வழி இல்லை. அமெரிக்க அரசோடு 1956-ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அந்த நிறுவனம் டெலிபோன் தொழிலைத் தாண்டி வேற வியாபாரத்தில் இறங்கக் கூடாது. அதனால் கேட்ட பல்கலைக்கழகங்களுக்கு யுனிக்ஸை சொற்பக் கட்டணத்தில், அதன் சோர்ஸ் கோடோடு கொடுத்தார்கள். மாணவர்கள் பிரிச்சுப் பார்த்தார்கள், திருத்தினார்கள், புதுசா சேர்த்தார்கள்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் பங்குக்கு ஒரு யுனிக்ஸ் வடிவத்தை வளர்த்தது. அந்த வம்சம் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆரம்பித்த நெக்ஸ்ட் நிறுவனத்தின் வழியாக ஆப்பிளின் மேக்குக்கு வந்து, அங்கிருந்து 2007-ல் முதல் ஐபோனுக்குள் நுழைந்தது.

இன்னொரு கிளை ஃபின்லாந்தில் முளைத்தது. 1984-ல் ஏ.டி அண்ட் டி உடைக்கப்பட்ட பிறகு பழைய தடை நீங்கி, யுனிக்ஸ் விலை வைத்து விற்கிற பொருளாகிவிட்டது. மாணவர்களுக்கு அது எட்டாக்கனி. 1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், யுனிக்ஸ் மாதிரியே ஒன்றை முதலிலிருந்து தானே எழுத ஆரம்பித்தார். அதுதான் லினக்ஸ். யுனிக்ஸிலிருந்து ஒரு வரி கோடுகூட எடுக்காமல் எழுதினாலும், எழுதிய மொழி ரிட்சியின் `சி'தான். ஒரு குட்டி சுவாரஸ்யம்: லினஸ் பிறந்தது 1969 டிசம்பர் 28. யுனிக்ஸ் கடிகாரத்தின் பூஜ்யத்துக்கு நாலே நாள் முன்னாடி!

முதல் ஆண்ட்ராய்டுக்குள் தாத்தா

2003-ல் ஆண்டி ரூபினும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய ஆண்ட்ராய்டு நிறுவனத்தை 2005-ல் கூகுள் வாங்கியது. 2008 செப்டம்பர் 23 அன்று ஆண்ட்ராய்டு 1.0 அறிமுகமானது. அது வந்த முதல் போன் ஹெச்டிசி ட்ரீம். அமெரிக்காவில் டி-மொபைல் ஜி1 என்ற பேரில் விற்றது.

இன்னிக்கு அதைக் கையில் கொடுத்தா நீங்க சிரிப்பீங்க. 3.2 இன்ச் ஸ்கிரீன். அதை நகர்த்தினா உள்ளே பட்டன் கீபோர்டு. நடுவில் உருட்ட ஒரு டிராக்பால். ஸ்கிரீனில் டைப் பண்ண முடியாது, அந்த வசதி 2009-ல் வந்த 1.5 வெர்ஷனில்தான். வீடியோ எடுக்க முடியாது. ஹெட்போன் குத்த 3.5 எம்.எம் துளைகூடக் கிடையாது. ஆனா, மேலேயிருந்து விரலால் இழுத்தா இறங்குற நோட்டிஃபிகேஷன் திரை அப்பவே இருந்தது. நீங்க இன்னிக்கும் தினம் நூறு தடவை இழுக்கிற அதே திரை.

ஜி1-ன் மெமரி 192 எம்.பி. டைப்பிஸ்ட்டுகளின் பிடிபி-11 மாதிரி 8,192 மெஷின்களை அடுக்கினா வர்ற மெமரி. மெஷின்தான் மாறியது, அடியில் ஓடிய யோசனை மாறவில்லை. ஆண்ட்ராய்டின் அஸ்திவாரம் லினக்ஸ். அதன் கடிகாரம் 1970-ல் இருந்து எண்ணுகிறது. ஃபைல்கள் அன்னிக்குக் கரும்பலகையில் வரைந்த மரம் மாதிரியே கிளை கிளையாப் பிரிகின்றன.

இன்னொரு விஷயம் இதைவிட சூப்பர். யுனிக்ஸில் ஒவ்வொரு யூசருக்கும் ஒரு எண் உண்டு. ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தர் படிக்கலாமா, திருத்தலாமா என்பதை அந்த எண் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். ஒரே மெஷினில் பல பேர் உட்கார்றதால அந்தப் பூட்டு அவசியம். உங்க போனில் யூசர் நீங்க ஒருத்தர்தான். அப்போ அந்தப் பூட்டு எதுக்கு? ஆண்ட்ராய்டு உருவாக்கியவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒவ்வொரு ஆப்பையும் ஒரு தனி யூசரா நினைச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் கொடுத்துட்டாங்க. நீங்க நேத்து டவுன்லோடு பண்ணின ஏதோ ஒரு கேம், உங்க பேமென்ட் ஆப்புக்குள்ள எட்டிப் பார்க்க முடியாததுக்கு ஒரு முக்கியக் காரணம் அதுதான். பக்கத்து சீட்டில் இருப்பவரின் ஃபைல் இன்னொருத்தர் கைக்குப் போகக் கூடாது என்று அன்னிக்கு இருந்த ஏற்பாடு, இன்னிக்கு உங்க பணத்துக்குக் காவல் நிக்குது.

இந்தப் பூட்டு ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு யூசர் தனக்கு அனுமதி இல்லாத ஒரு ஃபைலில், ஒரே ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்ய வேண்டிவந்தால்? அதுக்கு ரிட்சி ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் 1979-ல் கிடைத்தது. பிறகு அந்தக் காப்புரிமை பொதுமக்களுக்கே விட்டுக்கொடுக்கப்பட்டது. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

குறை இல்லாமலா?

`சி'-யில் குறையே இல்லைன்னு சொன்னா அது பொய். மெமரியில் எங்கே வேணும்னாலும் கை வைக்கிற சுதந்திரத்தை அது புரோகிராமருக்குக் கொடுத்துடும். தப்பா கை வெச்சா தடுக்காது. 24 கே.பி மெஷினில் நாலு நண்பர்கள் வேலை பார்த்த காலத்தில் அது வேகம் தந்தது. கோடிக்கணக்கான போன்கள் இன்டர்நெட்டில் இணைந்த காலத்தில் அதுவே ஹேக்கர்களுக்கு ஜன்னல் ஆனது. மாசாமாசம் உங்க போனுக்கு வர்ற செக்யூரிட்டி அப்டேட்டில் கணிசமான ஓட்டைகள் இந்த ரகம்தான். அதனால்தான் கூகுள் இப்போ ஆண்ட்ராய்டின் புதுப் பகுதிகளை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளுக்கு மாத்திட்டு வருது.

விமர்சனம் ரிட்சிக்குப் புதுசு இல்லை. 1994-ல் யுனிக்ஸை வெறுப்பவர்கள் சேர்ந்து, அதைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு புத்தகமே போட்டார்கள். அந்தப் புத்தகத்துக்கு முன்னுரைக்குப் பதிலா ஒரு எதிர்-முன்னுரை எழுதிக் கொடுத்தவர் யார் தெரியுமா? சாட்சாத் ரிட்சிதான்!

ராத்திரி மனிதர்

தாடி, கண்ணாடி, அமைதியான பேச்சு. ஆபீஸில் அவருக்குப் பேர் `டிஎம்ஆர்'. லாகின் பெயரே பட்டப்பெயராகிவிட்டது. மதியம்தான் ஆபீஸுக்கு வருவார். வீட்டுக்குப் போன பிறகும் ராத்திரி வெகுநேரம் வேலை ஓடும். ரொம்ப சீரியஸ் ஆசாமின்னு நினைக்க வேண்டாம். 1989-ல் பெல் லேப்ஸின் பெரிய அதிகாரியும் நோபல் பரிசு பெற்றவருமான ஆர்னோ பென்சியாஸை, பென் அண்ட் டெல்லர் என்ற பிரபல மேஜிக் ஜோடியை வரவழைத்து பிராங்க் பண்ணிய கோஷ்டியில் அவரும் ஒருத்தர்.

விருதுகளும் வராமல் இல்லை. 1983-ல் தாம்ப்சனோடு சேர்ந்து டூரிங் விருது. கம்ப்யூட்டர் உலகின் நோபல் என்று சொல்வார்களே, அது. அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை 1999-ல் ரெண்டு பேரும் அதிபர் பில் கிளின்டன் கையால் வாங்கினார்கள். 2011-ல் ஜப்பான் பரிசு. பெல் லேப்ஸிலிருந்து அவர் ஓய்வுபெற்றது 2007-ல். முதல் ஐபோன் கடைக்கு வந்த அதே வருஷம்.

அந்த அக்டோபர்

2011 அக்டோபர் 5. ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தார். உலகமே நின்று அழுதது. ஆப்பிள் கடை வாசல்களில் பூக்கள், மெழுகுவத்திகள். எங்க ஹாஸ்டலில்கூட பாதிப் பேர் ஃபேஸ்புக் புரொஃபைல் படத்தை மாத்தினாங்க. எங்க யார்கிட்டயும் அப்போ ஐபோன் கிடையாது என்பது வேற விஷயம்.

அடுத்த வாரம், அக்டோபர் 12 அன்று, நியூஜெர்சியின் பெர்க்லி ஹைட்ஸில் இருந்த வீட்டில் டென்னிஸ் ரிட்சி இறந்து கிடந்தது தெரியவந்தது. வயது 70. சில வருஷங்களாகவே உடம்பு சரியில்லை. தனியாகத்தான் வாழ்ந்துவந்தார். பழைய சகா ராப் பைக் இன்டர்நெட்டில் ஒரு சின்னக் குறிப்பு போட்ட பிறகுதான் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது.

செய்தி புரோகிராமர்கள் நடுவில் பரவியது. வெளியே பெரிசாகப் பரவவில்லை. முதல் பக்கத் தலைப்பு இல்லை, மெழுகுவத்தி இல்லை. நாங்க யாரும் புரொஃபைல் படம் மாத்தல. அந்த செமஸ்டரில் எங்களுக்கு `சி' பேப்பர் இருந்தது என்பதை இப்போ நினைச்சா ஒரு மாதிரி இருக்கு.

அடுத்த சில மாதங்களில் வந்த ஃபெடோரா, ஃப்ரீபிஎஸ்டி என்ற ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்கள் தங்கள் புது வெர்ஷனை அவருக்குச் சமர்ப்பணம் செய்தன. சொல்லப்போனா, வருத்தப்பட்டு அன்னிக்கு போட்ட ஒவ்வொரு போஸ்ட்டும், ஜாப்ஸுக்கான கண்ணீர் உட்பட, ரிட்சியின் வேலை மேல் ஏறித்தான் போய்ச்சேர்ந்தது. போனும் அவர் வழி வந்தது, போஸ்ட்டை வாங்கி வைத்த சர்வர்களும் பெரும்பாலும் அவர் வழி வந்தவை.

இதில் ஜாப்ஸைக் குறைசொல்ல எதுவும் இல்லை. மக்கள் கையில் தொட்டுப் பார்க்கிற பொருளைச் செய்தவரை மக்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் பெயின்ட் அடிச்ச கலரைப் பாராட்டுவோம். அஸ்திவாரம் போட்ட கொத்தனார் பேரை யாரும் கேட்க மாட்டோம். ரிட்சியும் கேட்கச் சொன்னதில்லை. பைண்டிங் பண்ணாத தீசிஸ் மாதிரி, தன் பேரை ஒப்படைக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஒப்படைக்காமலே நகர்ந்துபோனவர் அவர். ஆனா, நமக்குத் தெரியாமலே போறது நமக்குத்தானே நஷ்டம்?

அந்தப் பழைய போனை இப்போ தங்கச்சி எடுத்துக்கிட்டா, ஆன்லைனில் பாட்டு கேட்க. போன வாரம் மறுபடி சார்ஜ் தீர்ந்து செத்துப்போச்சு. ஆன் பண்ணினதும் கத்தினா, போன் கெட்டுப்போச்சு, 1970-னு காட்டுதுன்னு.

கெடலைடி, அது தாத்தா வீட்டுக்குப் போயிட்டு வருதுன்னு சொன்னேன். விநோதமா பார்த்துட்டு வைஃபையை ஆன் பண்ணினா. தேதி சரியாச்சு. பாட்டு ஓட ஆரம்பிச்சது.